32 கிலோடால்டன் புரதம், 30கே ஃபில்டர்: பாதி எங்கே போச்சு?

நுரைப்பஞ்சு
வணக்கம். பிஎச்டி இரண்டாம் ஆண்டு. ஈ.கோலையில் எடுத்த ஒரு என்சைம், நிக்கலில் ஒட்டும் ஹிஸ்-டேக் போட்டது, மூலக்கூறு எடை 32 கிலோடால்டன். நிக்கல் ரெசினில் பிடித்து 250 மில்லிமோலார் இமிடசோலில் இறக்கினேன். பேட்ச் முறையில் செய்ததால் தண்ணியாக 120 மி.லி. வந்துவிட்டது. மி.லி.க்கு 0.5 மி.கி., ஆக 60 மி.கி. புரதம். இதைச் சுருக்கி ஜெல் ஃபில்ட்ரேஷனுக்கு (மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரிக்கும் பத்திக்கு) ஏற்ற வேண்டும்.

டிராயரில் இருந்தது சவ்வு வடிகட்டி வைத்த, 30கே (30 கிலோடால்டன்) கட்-ஆஃப் 15 மி.லி. ட்யூப்கள்; சுழற்றினால் தண்ணீர் கீழே வடியும், பெரிய புரதம் மேலே நிற்கும். 32 என்பது 30-ஐ விடப் பெரியதுதானே, நிற்கும் என்று நம்பிச் சுழற்றினேன். கடைசியில் கையில் இருந்தது 3 மி.லி., மி.லி.க்கு 8 மி.கி. அதாவது 24 மி.கி. மீதி 36 காணோம். கீழே வடிந்த 117 மி.லி.யை 280 நானோமீட்டரில் பார்த்தால் 0.35 காட்டுகிறது. என் புரதத்துக்கு மி.லி.க்கு 1 மி.கி. என்றால் 0.98 வர வேண்டும். ஆக, எல்லாம் கீழே ஒழுகிவிட்டது என்று முடிவு கட்டினேன்.

கைடு புதிதாக வாங்கலாம் என்கிறார். அமிகான் அல்ட்ரா-15, விவாஸ்பின் 20, பியர்ஸ் பிஇஎஸ், ஸ்டிர்டு செல், சின்ன டிஎஃப்எஃப் (குறுக்கோட்ட வடிகட்டி) எல்லாவற்றுக்கும் கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் இண்டென்ட் போட வேண்டும். எதை வாங்குவது?

மலர்விழி_பயோ
வாங்குவது அப்புறம். முதலில் கணக்கைப் பாருங்கள் தம்பி. 0.35-ஐ 0.98-ஆல் வகுத்து 117-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 42 மி.கி. மேலே இருப்பது 24. கூட்டினால் 66. போட்டது 60. புரதம் ட்யூபுக்குள் குட்டி போடாது.

வடிநீரைப் படிக்கும்போது எதை வைத்து ஜீரோ செய்தீர்கள்?

நுரைப்பஞ்சு
அக்கா… தண்ணீர்.

மலர்விழி_பயோ
அதேதான். இமிடசோலும் 280-இல் கொஞ்சம் உறிஞ்சும். சுத்தம் குறைந்த பாட்டில் என்றால் இன்னும் கூடுதல். 250 மில்லிமோலாரில் அது பார்க்கப் புரதம் மாதிரியே இருக்கும். இறக்கப் பயன்படுத்திய அதே பஃபரை ஜீரோவாக வைத்து மறுபடி படியுங்கள். பக்கத்திலேயே ஒரு பிராட்ஃபோர்ட் (சாய நிறத்தை வைத்துப் புரதத்தை அளக்கும் சோதனை) போடுங்கள், இமிடசோல் அதைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. புரதங்களை எடை வாரியாகப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் எஸ்டிஎஸ் ஜெல் ஒன்றும் ஓட்டுங்கள்: போட்டது, மேலே நின்றது, கீழே வடிந்தது, மூன்று லேன். வடிநீரைக் கொட்டிவிடவில்லையே?

நுரைப்பஞ்சு
இல்லை, குளிரறையில் இருக்கிறது.

மலர்விழி_பயோ
பிழைத்தீர்கள். மேலே இருப்பதை அளந்து சரி பார்க்கும் வரை கீழே இருப்பதைக் கொட்டக் கூடாது. எங்கள் லேபில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் முதல் விதியே இதுதான்.

சுழல்காற்று
ஜீரோ கதை ஒருபுறம் இருக்கட்டும். 32-க்கு 30கே போட்டது தப்புதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்-ஆஃப் என்பது கதவு இல்லை. உருண்டையான ஒரு சோதனை மூலக்கூறு 90 சதவீதம் நின்றால் அந்த எண்ணை ட்யூபின் மேல் அச்சடிக்கிறார்கள். சவ்வில் துளைகள் எல்லாம் ஒரே அளவிலும் இல்லை. அதனால் 30கே என்பதற்கு 31 நிற்கும், 29 போகும் என்று பொருள் கிடையாது. புரத எடையில் பாதி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை உள்ள கட்-ஆஃப்பை எடுக்கச் சொல்வது வழக்கம். உங்களுக்கு 10கே. வேகம் குறையும், ஆனால் தூங்கலாம்.

உருண்டை என்பதும் முக்கியம். நீளமாக, மடியாமல் கிடக்கும் புரதம் தன் எடைக்கு நிற்க வேண்டிய இடத்திலும் நுழைந்து போகும். என்சைம் இரட்டையாகச் சேர்ந்து 64 ஆக இருந்தால் 30கே-யிலேயே நின்றிருக்கும். ஜெல் ஃபில்ட்ரேஷன் போடாமல் அது தெரியாது.

பழைய_ரோட்டார்
எந்த வேகத்தில் ஓட்டினீர்கள் என்று யாருமே கேட்கவில்லையே.

இதில் நானே பட்டிருக்கிறேன். பல வருஷம் முன்பு, 0.5 மி.லி. சின்ன ட்யூப், அதிகபட்சம் 14,000 ஜி (புவியீர்ப்பைப் போல அத்தனை மடங்கு விசை). மேசை சென்ட்ரிஃபியூஜில் நான் 14,000 என்று அழுத்தினேன். அது ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பது. ரோட்டார் ஆரம் 8.4 செ.மீ. சூத்திரம் இது: 0.00001118 பெருக்கல் ஆரம் பெருக்கல் ஆர்பிஎம் வர்க்கம். போட்டுப் பாருங்கள், 18,400 ஜி. சவ்வு ஓரத்தில் பிளந்து, மூன்று வார வேலை முழுக்கக் கீழ்க் குழாயில் இருந்தது. நல்ல வேளை, கீழே இருந்தது. புது ட்யூபில் ஊற்றி 12,200 ஆர்பிஎம்மில் மறுபடி ஓட்டினேன்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். பெரிய ஸ்விங் ரோட்டாரில் ஆரம் 16 செ.மீ. என்றால் 4,000 ஆர்பிஎம் வெறும் 2,860 ஜி. "ட்யூப் அடைத்துக்கொண்டது" என்று புலம்புவார்கள். அடைப்பெல்லாம் இல்லை, மெதுவாக ஓடுகிறது, அவ்வளவுதான். அங்கே 4,000 ஜி வேண்டுமென்றால் 4,730 ஆர்பிஎம் வைக்க வேண்டும்.

நுரைப்பஞ்சு
ஸ்விங் ரோட்டார், 4,000 ஜி, நாலு டிகிரி. மிஷினிலேயே ஜி பட்டன் இருக்கிறது சார். 40 நிமிஷம் ஒரே மூச்சில் ஓட்டினேன்.

பழைய_ரோட்டார்
வேகம் சரி. அந்த ஒரே மூச்சு சரியில்லை.

மலர்விழி_பயோ
சார் சொல்வதைக் கொஞ்சம் விரிக்கிறேன். தண்ணீர் சவ்வைக் கடந்து போகப் போக, போக முடியாத புரதம் சவ்வின் முகத்தில் குவிகிறது. நடுக் கரைசலில் 5 மி.கி. இருக்கும்போது சவ்வை ஒட்டி அதைப் போலப் பல மடங்கு இருக்கும். ஆடை கட்டின பால் மாதிரி. கரையும் எல்லையைத் தாண்டினால் அந்த இடத்தில் மட்டும் வெள்ளையாக உறைந்துவிடும். நடுவில் இருப்பது தெளிவாகவே இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

அமிகான் அல்ட்ரா, விவாஸ்பின் போன்றவற்றில் சவ்வைத் தரையில் போடாமல் செங்குத்தாகப் பக்கவாட்டில் வைத்திருப்பதற்குக் காரணமும் இதுதான். குவிந்த கனமான அடுக்கைச் சுழல் விசை கீழே இழுத்துச் சவ்விலிருந்து வழித்துவிடும். அடியில் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள், அதனால் மறந்து போய் ஓட்டிக்கொண்டே இருந்தாலும் முழுக்கக் காயாது. அல்ட்ரா-15 என்றால் ஏறக்குறைய 200 மைக்ரோலிட்டர் நிற்கும். ஆனாலும் செங்குத்துச் சவ்வு எல்லாவற்றையும் வழித்துவிடும் என்று நம்பக் கூடாது. 10 நிமிஷத்துக்கு ஒரு தரம் நிறுத்தி, பைப்பெட்டால் மெல்ல மேலும் கீழும் கலக்குங்கள். நுனி சவ்வைத் தொடக் கூடாது, நுரையும் வரக் கூடாது.

கேணித்தவளை
எல்லாரும் ட்யூபையே பேசுகிறீர்கள். கேள்வி எதை வாங்குவது என்பது. சுருக்கமாகச் சொல்கிறேன்: பிராண்டைப் பார்க்காதீர்கள், சவ்வு எதனால் ஆனது என்று பாருங்கள்.

அமிகான் அல்ட்ராவில் இருப்பது ரீஜெனரேட்டட் செல்லுலோஸ். நீரை விரும்பும் சவ்வு, புரதம் ஒட்டுவது குறைவு. பியர்ஸ் பிஇஎஸ் என்பதில் பெயரே சொல்கிறது, பாலிஈதர்சல்ஃபோன். பால் (Pall) என்ற நிறுவனத்தின் ஒமேகா சவ்வும் அந்தக் குடும்பம்தான். வேகமாக வடியும், காரம் அமிலம் இரண்டையும் தாங்கும், ஆனால் சில புரதங்கள் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். விவாஸ்பினில் பிஇஎஸ், செல்லுலோஸ் ட்ரைஅசிட்டேட், ஹைட்ரோசார்ட் என்று பல வகை கிடைக்கும். ஹைட்ரோசார்ட் என்பது வலுவூட்டிய செல்லுலோஸ். ட்ரைஅசிட்டேட் பெரும்பாலும் நேர்மாறான வேலைக்கு, அதாவது புரதத்தை மேலே தடுத்து, வடிகிற சின்ன மூலக்கூறைப் பிடிக்க.

60 மி.கி. வைத்திருப்பவருக்கு 100 மைக்ரோகிராம் ஒட்டினால் நஷ்டமே இல்லை. அதே 100 மைக்ரோகிராம், மொத்தமே 200 மைக்ரோகிராம் வைத்திருப்பவருக்குப் பாதிச் சொத்து. நீர்த்த கரைசல், ஒட்டும் புரதம் என்றால் செல்லுலோஸ். நிறைய கரைசல், அவசரம், பிடிவாதம் இல்லாத புரதம் என்றால் பிஇஎஸ். விலை வித்தியாசம் பெரிதில்லை.

சுழல்காற்று
பிஇஎஸ் பற்றி இவ்வளவு கறாராகச் சொல்ல மாட்டேன். நாங்கள் ஆன்டிபாடி முழுக்க அதில்தான் சுருக்குகிறோம், 150 கிலோடால்டனுக்கு 50கே. 90 சதவீதத்துக்குக் கீழே வந்ததே இல்லை.

கேணித்தவளை
ஆன்டிபாடி நல்ல பிள்ளை. நானோபாடி, டாக்சின், மடியாத புரதம் எல்லாம் வந்து பாருங்கள்.

சுழல்காற்று
அது சரி, ஒப்புக்கொள்கிறேன்.

மெம்பிரேன்_மகேசன்
நான் சவ்வுப் புரதம் (செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் புரதம்) செய்கிறவன், ஒரு எச்சரிக்கை மட்டும். டிடிஎம் போன்ற டிடர்ஜென்ட் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன பாதி, மூன்றில் ஒன்று விதி சரிப்படாது. டிடிஎம் மூலக்கூறுகள் சேர்ந்து உருண்டையாகும் மைசெல்லே 70 கிலோடால்டன் அளவுக்கு வரும். 50கே போட்டால் புரதத்தோடு வெறும் மைசெல்களும் மேலேயே நின்று சேர்ந்து சுருங்கும். பஃபரில் 0.02 சதவீதம் என்று எழுதி வைத்திருப்பீர்கள், ட்யூபுக்குள் அதைப் போலப் பல மடங்கு இருக்கும். புரதப் படிகம் வராது, ஏன் என்றும் தெரியாது. புரதமும் டிடர்ஜென்ட்டும் சேர்ந்து பெரிதாக இருந்தால் 100கே போடுங்கள். ஒரு துளி வடிநீரை ஜெல்லில் பார்த்து உறுதி செய்துகொண்டு போடுங்கள்.

நுரைப்பஞ்சுக்கு இது வேண்டாம், தாண்டிப் போகலாம்.

பழைய_ரோட்டார்
120 மி.லி.க்கு 15 மி.லி. ட்யூப் என்பது எட்டு ட்யூப், அல்லது நாலு ட்யூபை இரண்டு தரம். என்னைக் கேட்டால் அந்த அளவுக்கு ஸ்டிர்டு செல்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பலர் அதைப் பார்த்ததே இல்லை.

கண்ணாடி போலத் தெரியும் ஒரு உருளை, அடியில் வட்டச் சவ்வு, அதற்கு மேலே தொங்கும் காந்தக் கலக்கி. மேலே நைட்ரஜன் சிலிண்டரிலிருந்து அழுத்தம். காற்றைக் கொடுக்கக் கூடாது, கரிவாயு கரைந்து பி.எச். நகரும், ஆக்சிஜனும் புரதத்துக்கு ஆகாது. சவ்வில் பளபளப்பான பக்கம் மேலே வர வேண்டும். தலைகீழாகப் போட்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். 55 பிஎஸ்ஐ போதும், 75-ஐத் தாண்டவே கூடாது. கலக்கும்போது நடுவில் விழும் குழி கரைசலின் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை இருக்கலாம், நுரை வந்தால் வேகத்தைக் குறையுங்கள். கலக்கிக்கொண்டே இருப்பதால் மலர்விழி சொன்ன ஆடை அவ்வளவாகக் கட்டாது. போய் வேறு வேலை பார்க்கலாம். ஆனால் ரொம்ப நேரம் போய்விடாதீர்கள், இதில் தானாக நிற்கும் ஏற்பாடு கிடையாது, காய்ந்துவிடும்.

ஒரு கிளைக்கதை. இந்தச் சவ்வுத் தொழிலின் வேர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆராய்ச்சியில் இருக்கிறது. 1959 வாக்கில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் இருவரும் மேலே மெல்லிய தோலும் கீழே பஞ்சு போன்ற தாங்கியும் உள்ள செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வைச் செய்தார்கள். தோல் மெல்லியதாக இருப்பதால்தான் வேகமாக வடிகிறது. சௌரிராஜன் என்ற பெயரைக் கேட்டாலே எனக்குத் திருக்கண்ணபுரத்துப் பெருமாள் நினைவு வருவார். 1962-இல் ஆலன் மைக்கேல்ஸ் அமிகானைத் தொடங்கினார். இன்று ட்யூபின் மேல் ஒட்டியிருக்கும் பெயர் அந்தக் கம்பெனியுடையதுதான்.

கேணித்தவளை
டிஎஃப்எஃப்பையும் கொட்டேஷனில் பார்த்தேன். 120 மி.லி.க்கு அது வேண்டாம். கரைசல் சவ்வின் மேல் குறுக்காக ஓடிக்கொண்டே இருப்பதால் அடைப்பு குறைவு, அது உண்மை. விவாஃப்ளோ 200 என்றால் 200 சதுர செ.மீ. சவ்வு, லிட்டர் கணக்கில் கல்ச்சர் நீர் வைத்திருப்பவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் பம்ப், குழாய், கேசட் எல்லாவற்றுக்குள்ளும் கரைசல் தங்கும். 3 மி.லி.க்கு இறக்க வேண்டும் என்பவர் அதில் தொடங்கினாலும் கடைசியில் ட்யூபுக்குத்தான் வருவார். பம்பில் மணிக்கணக்காகச் சுற்றினால் நுரைத்துக் கெடும் புரதங்களும் உண்டு.

சுழல்காற்று
காசே இல்லாத லேபுக்கு: டயாலிசிஸ் பையில் கட்டி, ஒரு தட்டில் பிஇஜி (பாலிஎத்திலீன் கிளைக்கால்) 20,000 பொடியைக் கொட்டி அதன் மேல் வையுங்கள். பை தண்ணீரை விட்டுச் சுருங்கும். நடுநடுவே பொடியை மாற்றி, பையைத் துடைத்து, சுண்டிப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என் எம்எஸ்சி புராஜெக்ட் முழுக்க அப்படித்தான் ஓடியது.

நுரைப்பஞ்சு
எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாள் கழித்து வருகிறேன், ரிசல்ட்டோடு.

சரியான ஜீரோ வைத்துப் படித்தால் வடிநீரில் பிராட்ஃபோர்ட் கணக்கு 6 மி.கி.தான். ஜெல்லிலும் மங்கலான ஒரு பட்டை. சுழல்காற்று சொன்ன 30கே ஒழுக்கு அவ்வளவே.

அப்புறம், பழைய ட்யூபுகளைக் குப்பையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சவ்வின் கீழ்ப்பாதியில் வெள்ளைப் படலம், விரல்ரேகை பதிந்த கண்ணாடி மாதிரி. 500 மில்லிமோலார் உப்பு சேர்த்த பஃபரை ஊற்றி, அரை மணி நேரம் மெதுவாக ஆட்டி எடுத்தேன். 14 மி.கி. திரும்பி வந்தது. மீதி 16 கரையவே இல்லை.

பஃபரைப் பார்த்தால் பி.எச். 7.5, உப்பு 50 மில்லிமோலார். புரதத்தின் ஐசோஎலக்ட்ரிக் புள்ளி 7.3. இதை நான் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மலர்விழி_பயோ
சொல்லியிருந்தால் இவ்வளவு பேசியிருக்க மாட்டோம், நல்லதுதான். அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் புரதத்தின் மேல் நிகர மின்னூட்டம் ஏறக்குறைய பூஜ்யம். ஒன்றையொன்று தள்ளாது. உப்பும் குறைவு. சவ்வின் முகத்தில் நெருங்கியதும் கட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? பி.எச். 8.2 வையுங்கள், உப்பு 300, கிளிசரால் 10 சதவீதம். கிளிசராலால் பிசுபிசுப்பு கூடி மெதுவாக வடியும், நாலு டிகிரியில் இன்னும் மெதுவாக. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. உங்கள் ஜெல் ஃபில்ட்ரேஷன் எது?

நுரைப்பஞ்சு
சூப்பர்டெக்ஸ் 75, 16/600. 120 மி.லி.

மலர்விழி_பயோ
அதில் ஒரு தரத்துக்கு 2 முதல் 3 மி.லி. ஏற்றுவது நன்றாக இருக்கும், 5 வரை போகலாம். 5 மி.லி.யிலேயே நிறுத்தி இரண்டு ஓட்டமாகப் போடுங்கள். ஒரேயடியாகச் சுருக்கிய பேராசைதான் உங்கள் புரதத்தைத் தின்றது. கடைசிச் சுருக்கலை, சுத்தமானபின், படிகம் போடும் அன்று காலையில் செய்யுங்கள்.

இமிடசோலை நீக்க ட்யூபில் கழுவ வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம், ஜெல் ஃபில்ட்ரேஷனிலேயே பிரிந்துவிடும். வேறு வேலைக்கு வேண்டுமென்றால் 15-ஐ 1 மி.லி.க்கு இறக்கி, மறுபடி 15 ஆக நிரப்பி இறக்குங்கள். ஒவ்வொரு தரமும் பதினைந்தில் ஒன்றாகக் குறையும். இரண்டு தரத்தில் 250 என்பது 1.1 மில்லிமோலார்.

சுழல்காற்று
ட்யூபைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாமா? 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, தண்ணீர், அப்புறம் 20 சதவீத எத்தனாலில் போட்டு வைப்பது. ஊர் முழுக்கச் செய்கிறார்கள், யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

பழைய_ரோட்டார்
ஒருமுறை பயன்படுத்தவே விற்கிறார்கள். ஆனால் இண்டென்ட் போட்டு ஆறு வாரம் காத்திருப்பவன் என்ன செய்வான்? அதே புரதம், அதே ஆள் என்றால் இரண்டு மூன்று தரம் செய்வேன். ட்யூபின் மேல் மார்க்கரால் புரதத்தின் பெயரை எழுதிவிடுவேன். காய விடவே கூடாது, ஒரு தரம் நனைந்து காய்ந்த சவ்வு போச்சு. வேறு புரதத்துக்கு மாற்றுவது கூடவே கூடாது.

மலர்விழி_பயோ
படிகம், மாஸ் ஸ்பெக் என்றால் ஒரு தரம்கூடச் செய்யாதீர்கள். புதிய ட்யூபையே முதலில் பஃபரால் ஒருமுறை ஓட்டுங்கள், சவ்வில் கிளிசரின் தடவித்தான் அனுப்புகிறார்கள்.

நுரைப்பஞ்சு
இரண்டாவது பேட்ச் முடிந்தது. அதே 60 மி.கி. பக்கத்து லேபில் கடன் வாங்கிய 10கே செல்லுலோஸ் ட்யூப், பி.எச். 8.2, 10 நிமிஷத்துக்கு ஒரு கலக்கு. 5 மி.லி.யில் 51 மி.கி. வடிநீரில் பட்டையே இல்லை. காலை எட்டரைக்குத் தொடங்கி மத்தியானம் சாப்பாடு தவறிவிட்டது, அது ஒன்றுதான் குறை.

இண்டென்ட்டில் 10கே ஒரு பாக்கெட் மட்டும் போட்டேன். டிஎஃப்எஃப்பை அடித்துவிட்டேன். பழைய_ரோட்டார் சார் சொன்னதைக் கேட்டு ஸ்டோர் அலமாரியைக் குடைந்தால், பின்னால் ஒரு 200 மி.லி. ஸ்டிர்டு செல் தூசியோடு கிடக்கிறது! உருளையில் கீறல் இல்லை. ஓ-ரிங் மட்டும் வெடித்திருக்கிறது. அதற்குச் சவ்வு எந்த அளவு சார்?

பழைய_ரோட்டார்
8200 மாடல் என்றால் 63.5 மி.மீ. மூடியைத் திருப்பிப் பாருங்கள், எண் இருக்கும். ஓ-ரிங்கை மாற்றாமல் சிலிண்டரைத் திறக்காதீர்கள்.